பண்டிகைப் பணியாரமும் மகளிர் கூலியும்

இனிய பண்டம் சமைத்து விற்றல் தமிழ்நாட்டிற் பழமையான தொழில். மதுரைக்காஞ்சி காட்டும் இரவுக் கடைத்தெருவிலே அடையும் மோதகமும் விற்கும் கூவியர் இருக்கின்றனர். பெரும்பாணாற்றுப்படையும் அவர் சமைக்கும் அப்பத்தைக் கூறுகின்றது. ஆதலின் இத்தொழில் நாணத்தக்கதன்று. குமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம் போன்ற கடற்கரையூர்களில், கிறிஸ்து பிறப்புப் பண்டிகையை ஒட்டி மகளிர் இதனைக் கைக்கொண்டால் விளையும் பயனையும், அதற்கு வேண்டும் கணக்கறிவையும் ஈண்டு ஆராய்வோம்.

வள்ளியாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த கடியப்பட்டணம் மீன்றொழிலால் வாழும் ஊர். கடல் தரும் வருவாயோ நிலையற்றது. ஆனி ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்றினால் அலை பொங்க, மீன்பாடு குன்றும். 2017 நவம்பர் 30ஆம் நாள் வீசிய ஒக்கிப் புயல், குமரிக் கரையோர மீனவர் பலரைப் பண்டிகைக்குச் சில வாரம் முன்னர்க் கொண்டுபோயிற்று. ஒருவர் உழைப்பையே நம்பிய இல்லம் அவர் மறைந்தவழி என்னாகும்? இல்லத்தில் மற்றொரு வருவாய் வேண்டுமென்பதற்கு வேறு சான்று வேண்டா.

இப்பக்கத்துப் பண்டிகைப் பலகாரங்களுள் தலையாயது முந்திரிக்கொத்து. வறுத்துப் பொடித்த சிறுபயற்றை வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, அரிசிமாவிற் றோய்த்து எண்ணெயிற் பொரிப்பர். அடுப்பறையில் வெந்தெடுக்கும் கேக்கு இந்நாட்டிற்குப் பின்னர் வந்தது. 1883இல் தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பார், மர்டாக் பிரௌன் துரை காட்டிய மாதிரியைப் பார்த்து அதனைச் செய்தனர் என்பது வழங்கும் வரலாறு. தூத்துக்குடியார் மக்ரூனுக்கு வாதுமைக்கு மாறாக முந்திரிப்பருப்பை இட்டு, அதனைத் தம் ஊர்ப்பண்டமாகவே ஆக்கிக்கொண்டனர். அயற்பண்டமும் உள்ளூர்ப் பொருளாலும் கைத்திறத்தாலும் நம்முடையதாகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாம்.

இல்லத்தொழிலுக்குப் பழக்கேக்கு ஏற்றதென்போம். சருக்கரை மிகுதியும் உலர்பழமும் ஈரத்தைப் பற்றிக்கொள்வதால், அதனைக் கெடுக்கும் நுண்ணுயிர்க்கு நீர் எளிதிற் கிட்டுவதில்லை. அதனால் முன்னரே செய்து பல நாள் வைத்திருக்கலாம். முன்பணம் பெற்று, கேட்ட அளவே செய்தால் மிஞ்சி வீணாவதும் இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒருத்தி ஒரு நாளில் 4 கிலோ கேக்குச் செய்கின்றாள் எனக் கொள்வோம். மாவு, வெண்ணெய், முட்டை, பழம் ஆகியவற்றிற்கு 1,600 ரூபாய். எரிவாயு, தாள், பெட்டிக்கு 200. உடைந்ததும் கருகியதுமாகிய சேதத்திற்கு 100. ஆக 1,900. கிலோ 500 ரூபாயாக விற்றால் வருவது 2,000. அவளுக்கு மிச்சம் 100 ரூபாய். வேலை செய்ததோ 6 மணி நேரம்! மணிக்கு 17 ரூபாய்கூட இல்லை. மணிக்கு 70 ரூபாய் கூலி வைத்தால் 420 ஏறி, அடக்கவிலை 2,320 ஆகும். அஃதாவது கிலோவுக்கு 580. இதற்குக் குறைய விற்பது தன் உழைப்பைத் தானே தானம் செய்வதாகும்.

மீன்சந்தையிலே ஒரு மீனுக்கும் விலை விடாத நம் தாய்மார், அடுக்களை வேலைக்கு மட்டும் விலை கூறத் தயங்குவது ஏன்? பண்டிகைப் பலகாரம் அயலார்க்குக் கொடுப்பதற்கே உரியது என்னும் வழக்கமே காரணம். அவ்வழக்கம் நல்லது, அதனை விடவேண்டுவதில்லை. கொடுப்பதைக் கொடையாகவும், விற்பதை விற்பனையாகவும் வேறு பிரித்து வைத்தல் வேண்டும். இரண்டும் கலந்தால் கொடையும் சிறவாது, வாணிகமும் நில்லாது.

1819இல் நாகர்கோயிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அக்கைவேலைக்குக் கூலி கிடைத்தது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அக்கூலியைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். கைத்திறம் மட்டும் அவர்களை விடுவிக்கவில்லை. அதற்குக் கிடைத்த கூலியே விடுவித்தது.

வாங்குவோர்க்குச் செய்யும் கடமையும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. அதன் வழி வந்த 2011ஆம் ஆண்டு விதிகள், வீட்டிற் சமைத்து விற்கும் சிறு தொழிலாளரும் பதிவு பெறுதல் வேண்டுமென வகுத்தன. பதிவெண்ணையும் செய்த நாளையும் பெட்டியில் எழுதுதலும், தூய நீரும் கலமும் பேணுதலும் நம்பிக்கையை வளர்க்கும்.

எனவே, இத்தொழிலில் இறங்கும் இல்லத்தார்க்கு முதலில் வேண்டுவது பெரிய அடுப்பன்று. சிறு கணக்குப் புத்தகமே. அதனை எழுதிக் கொடுத்தல் கல்லூரியிற் பயிலும் மக்களாகிய நம்மால் இயலும். விடுமுறையில் ஊர் செல்வோர் தம் அன்னையர்க்கும் தமக்கையர்க்கும் அருகிலிருந்து, அவர் உழைத்த மணிநேரத்தையும் ஒரு வரியில் எழுதுவாராக.