சர்க்கரை டாக்டரும் பல் டாக்டரும்

நம் மஹல்லாவில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அரிது. மாதாமாதம் இரத்தம் கொடுக்கிறோம். கண்ணைக் காட்டுகிறோம், காலைக் காட்டுகிறோம். வாயை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. டாக்டர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. பல் ஆடத் தொடங்கினால், "வயதாகிவிட்டது" என்று பிடுங்கிவிட்டு வந்துவிடுகிறோம்.

பல் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈறு நோய். பல்லில் படியும் கிருமிப் படலம் காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. வலி அதிகம் இல்லாததால் தெரிவதில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இந்நோய் எளிதில் வந்து விரைவில் முற்றும். இதன் மறுபக்கமும் உண்டு. நாட்பட்ட ஈறு நோய், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்கு முறையான சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இரு டாக்டர்களும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோயாளி இவர்.

பொது மருத்துவர்கள் செய்யக்கூடியவை:

1. "பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா? பல் ஆடுகிறதா?" என்று கேட்பது. ஆம் என்றால் பல் டாக்டருக்குச் சீட்டு எழுதித் தருவது.
2. இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடிக்கும் என்பதைக் கவனிப்பது.
3. எலும்புத் தேய்மானத்திற்கான சில மருந்துகளைத் தொடங்கும் முன் பல்லைச் சரிசெய்துகொள்ளச் சொல்வது. தொடங்கிய பின் பல் பிடுங்கினால், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

பல் மருத்துவர்கள் செய்யக்கூடியவை:

1. கருவியை எடுக்குமுன் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அவருடைய இதய மருத்துவரிடம் கலந்து பேசுவது.
2. ஈறில் அடிக்கடி சீழ் கட்டுபவரைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்புவது.
3. வெற்றிலை பாக்கு, புகையிலை போடுபவரின் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி வரை பார்ப்பது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் கூறியுள்ளது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணை அலட்சியம் செய்யக் கூடாது.

நம் கடமையும் இருக்கிறது. ஒளூவில் வாய் கொப்பளிக்கும் நமக்கு வாய்ச் சுத்தம் புதிதல்ல. ஆனால் கொப்பளிப்பதால் மட்டும் கிருமிப் படலம் போகாது. மிஸ்வாக் செய்பவர்கள் கடைவாய்ப் பல்லுக்கும் பல்லின் உட்புறத்துக்கும் எட்டும்படி தேய்க்க வேண்டும். இரவு படுக்கும் முன் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால் இரண்டு நிமிடம் துலக்குவதும் அவசியம்.

எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாது. பல் டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டையும் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டு போவோம். சர்க்கரை டாக்டரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும், "ஈறில் இரத்தம் வருகிறது, டாக்டர்" என்று நாமே சொல்வோம். செலவுக்குத் தயங்குபவர்கள் அரசு மருத்துவமனைப் பல் பிரிவை நாடலாம். வீட்டில் வாப்பா, உம்மாவின் வாயை இந்த வாரமே ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். பல் விழுந்த பின் போவதைவிட, ஈறில் இரத்தம் கசியும்போதே போவது நல்லது.