பழைய கார்கள் ஏன் ஓட வேண்டும்?

குளிர்காலம் வந்துவிட்டால் நம்மவர்கள் மார்கழி பஜனைக்கும் பொங்கல் விழாவுக்கும் தயாராவது போல, கொல்கத்தாவில் இன்னொரு கூட்டம் கராஜ் கதவுகளைத் திறந்து பழைய கார்களைத் துடைக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கார்களின் ஊர்வலத்தை மைதான் பக்கத்தில் நான் முதன்முதலில் பார்த்தது 1984-ல். அப்போது நான் ரயில்வேயில் சேர்ந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. "இவ்வளவு அருமையான வண்டிகளைக் கண்ணாடிக்குள் வைக்காமல் ஏன் சாலையில் ஓட்டித் தேய்க்கிறார்கள்?" என்று எனக்குத் தோன்றியது. விடை தெரியப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் எனக்கு ஒரு நஷ்டமும் ஏற்பட்டது. நம் வாசகர்களுக்கு அது வராதிருக்கவே இக்கட்டுரை.

வின்டேஜ் என்றால் என்ன?

இந்தச் சொல் திராட்சை மதுவிலிருந்து வந்தது. எந்த ஆண்டு அறுவடை என்பதைக் குறிப்பது. பிரிட்டனில் 1905-க்கு முந்திய கார்களை 'வெட்டரன்' என்றும், 1905 முதல் 1918 வரை 'எட்வர்டியன்' என்றும், 1919 முதல் 1930 வரை 'வின்டேஜ்' என்றும் பிரிப்பார்கள். நம் நாட்டு ஊர்வலங்களில் பொதுவாக 1939 வரை உள்ளவை வின்டேஜ், அதற்குப் பிற்பட்டவை கிளாசிக்.

சங்கங்கள் தோன்றிய விதம்

1896-ஆம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, பிரிட்டனில் கார்களின் வேக வரம்பு மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்ந்ததைக் கொண்டாட, லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் ஓடின. அந்த நினைவாக 1927-ல் பழைய கார்களைக் கொண்டு அதே பாதையில் மறுபடி ஓட்டினார்கள். இன்றும் அந்த ஓட்டம் நடக்கிறது. அதில் 1905-க்கு முந்திய கார்களுக்கு மட்டுமே இடம். 1930-ல் அங்கே வெட்டரன் கார் கிளப் பிறந்தது.

நம் ஊரும் இதில் பின்தங்கியதல்ல. 1911 வரை கல்கத்தாவே இந்தியாவின் தலைநகரம். ஜமீன்தார்களும் ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரிகளும் சீமையிலிருந்து கார்களை இறக்கினார்கள். 1904-லேயே இங்கே வங்காள ஆட்டோமொபைல் சங்கம் தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய கிழக்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம். பிறகு ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழைய கார் ஊர்வலத்தை 1964-ல் டெல்லியிலும், 1968-ல் கல்கத்தாவிலும் ஆரம்பித்தது. காரில் அசல் பாகங்கள் எத்தனை உள்ளன என்று பார்ப்பதோடு நில்லாமல், அது எப்படி ஓடுகிறது என்பதையும் பார்த்தே பரிசு தருகிறார்கள். பளபளப்பு மட்டும் போதாது.

நின்ற வண்டியின் கதி

இப்போது என் நஷ்டத்தைச் சொல்கிறேன். 1990-ல் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியிடமிருந்து 1966-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க்-2 ஒன்றை வாங்கினேன். பதினோரு ஆண்டுகள் குடும்பத்தைச் சுமந்தது. 2001-ல் வெளியூருக்கு மாற்றல் வந்தது. தார்ப்பாய் போட்டு மூடி, 'பத்திரமாக இருக்கும்' என்று விட்டுச் சென்றேன். ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பியபோது என்ஜின் அசையவில்லை. மல்லிக் பஜாரிலிருந்து வந்த மிஸ்திரி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தாதா, ஓட்டியிருந்தால் பிழைத்திருக்கும். நிறுத்தி வைத்தே கொன்றுவிட்டீர்கள்" என்றார். கடைசியில் எடைக்குப் போட்டேன். இயந்திரம் படித்தவன் செய்கிற காரியமா என்று என் மனைவி இன்றும் கேட்பாள்.

மிஸ்திரி சொன்னது சரி. நிற்கும் வண்டிக்குள் நடப்பது இதுதான்:

1. சிலிண்டர் சுவரிலிருந்து எண்ணெய் வடிந்துவிடும். கொல்கத்தாவின் ஈரக் காற்று பட்டுத் துருப்பிடித்து, பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

2. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின் போல் படிந்து நுண்துளைகளை அடைக்கும்.

3. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சக்கரத்திலுள்ள பிரேக் சிலிண்டர்கள் உள்ளிருந்தே அரிக்கும்.

4. ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். டயர்கள் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகும்.

ஆக, ஓட்டம் வண்டியைத் தேய்க்கிறது என்பது பாதி உண்மையே. ஓடாமை அதைவிட வேகமாக அழிக்கிறது.

கைத்திறனும் போகும்

வண்டி நின்றால் அதைப் பழுது பார்க்கும் கைகளும் நின்றுபோகும். அக்காலத்துப் பல என்ஜின்களில் பேரிங்கைக் கடையில் வாங்கி மாட்ட முடியாது. ஒயிட் மெட்டல் என்னும் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி, நீலமை தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுரண்ட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஒர்க்ஷாப்பில் வேகன் அச்சுகளுக்கு இதே வேலை நடந்தது. ரோலர் பேரிங் வந்ததும் அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டன. என்ஜினைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், இல்லையேல் என்ஜின் எதிர்த்து உதைத்தால் விரல் முறியும் என்பதும் இப்படி மறையும் பாடங்களில் ஒன்று.

ரயில்வேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் வைத்திருக்கிறது. 1914-ல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'ஜான் மோரிஸ்' தீயணைப்பு வண்டி, ஹைதராபாத் நிஜாம் ரயில்வேக்காக வந்து 1960 வரை வேலை செய்தது. இப்போது டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் சொத்து. அது காட்சிப் பொருளாக மட்டும் இருந்துவிடாமல், ஸ்டேட்ஸ்மன் ஊர்வலத்திலும் ஓடியிருக்கிறது.

இனி அம்பாசடர்

நமக்கு அருகில் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 15 ஆண்டு கடந்த வாடகை வண்டிகள் கொல்கத்தாவில் ஓடக்கூடாது என்று 2008-ல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, மஞ்சள் டாக்சிகள் ஆண்டுக்காண்டு குறைந்து வந்திருக்கின்றன. இருந்தபோது மலிவாக நினைத்தோம். இனி அதுவே அரிய பொருள்.

2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி செய்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோகக் கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் 'விஏ' எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் ரூ.20,000. பத்து ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் ஓட்டலாம். அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ கூடாது. என் வண்டி இருந்திருந்தால் 2016-லேயே 50 நிரம்பியிருக்கும்.

வாசகர்கள் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டிலோ ஊரிலுள்ள அண்ணன் தம்பி வீட்டிலோ பழைய கார், ஸ்கூட்டர் எது இருந்தாலும், மாதம் ஒருமுறையாவது என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். வெறுமனே ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைக்காதீர்கள். உள்ளே ஈரம்தான் சேரும். பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தொலைக்காதீர்கள். அடுத்த முறை மிஸ்திரி வரும்போது உங்கள் பையனையோ பெண்ணையோ பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை எல்கின் ரோடு நேதாஜி பவனுக்கும் அழைத்துச் செல்லுங்கள். 1941 ஜனவரி 16 நள்ளிரவு கடந்து நேதாஜி வீட்டுக்காவலிலிருந்து தப்பிய 1937-ஆம் ஆண்டு வாண்டரர் கார் அங்கே இருக்கிறது. அண்ணன் மகன் சிசிர் போஸ் ஓட்ட, தன்பாத் வழியாகக் கோமோ ஸ்டேஷனை அடைந்து கால்கா மெயில் ஏறினார் நேதாஜி. நெடுங்காலம் ஓடாமல் நின்ற அந்தக் காரைப் புதுப்பித்து, 2017 ஜனவரி 18-ந் தேதி குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கையால் வெளியிட்டார்கள். எண் பி.எல்.ஏ. 7169. குழந்தைகள் அதைக் குறித்துக்கொண்டு வரட்டும்.