முற்றத்தில் ஆள்கூற்றுத் தளம்: புதிய ஆசிரியருக்கு முழுமையான வழிகாட்டி

நமது பாடத்திட்டத்தில் ஆள்கூற்றுத் தளம், அதாவது தெக்காட்டின் தளம், இடைநிலை வகுப்புகளில்தான் வருகிறது. ஆனால் வவுனியா நெளுக்குளத்தில் தரம் 4, 5 படிக்கும் பிள்ளைகளுக்கும் அதை விளையாட்டாகக் காட்டிவிடலாம். வாருங்கள், முற்றத்துக்கு இறங்குவோம்.

என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம்?

ஓர் இடத்தை இரண்டு எண்களால் சொல்வதை. அவ்வளவுதான். பிரெஞ்சு அறிஞர் தெக்காட்டு 1637இல் வெளியிட்ட வடிவகணித நூலிலிருந்து வளர்ந்த முறை இது. மறை எண்களை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்?

சீமெந்துத் தரையென்றால் வெண்கட்டி வேண்டும். மண் முற்றத்துக்கு ஒரு தடி போதும், செலவே இல்லை. கோட்டுக்குக் கோடு அரை மீற்றர் விட்டு 0 முதல் 6 வரை கீறினால், 3 மீற்றர் சதுரம் வரும். குறுக்கே 7, நெடுக்கே 7 கோடுகள், 49 சந்திகள். பெரிய வகுப்பிலும் ஆளுக்கொரு சந்தி கிடைக்கும். கயிற்றால் அமைக்க 42 மீற்றர் வேண்டும். தொடக்கத்திலேயே அதில் காசைப் போடாதீர்கள்.

எப்படித் தொடங்குவது?

இடது கீழ் மூலைதான் உற்பத்தி, அதாவது (0, 0). ஒவ்வொரு பிள்ளையும் அங்கிருந்தே புறப்பட வேண்டும். (4, 2) என்றால் வலப்பக்கம் 4 அடி வைத்து, பிறகு மேல்நோக்கி 2 அடி. சந்திக்குச் சந்தி ஓர் அடி. எல்லோரும் வாய்விட்டு எண்ணட்டும். அச்சு, வரிசைப்பட்ட சோடி என்ற பெயர்களைக் கால் பழகிய பிறகு சொல்லலாம்.

அடுத்து ஒருவரை (2, 5)இலும் இன்னொருவரை (5, 2)இலும் நிறுத்துவோம். அதே எண்கள்தான், ஆனால் ஆட்கள் நிற்பது வெவ்வேறு இடம். நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். வரிசை ஏன் முக்கியம் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்கும்வரை கொப்பியைத் திறக்க விடமாட்டேன்.

கொப்பிக்கு எப்போது?

மறுநாள், சதுரக் கோட்டுக் கொப்பியில். (1, 1), (5, 1), (5, 4), (3, 6), (1, 4), மீண்டும் (1, 1) என்று புள்ளிகளை அடிமட்டத்தால் இணைத்தால் கூரை வைத்த வீடு வரும்.

கவனம்!

பிள்ளைகள் கோட்டை விட்டுவிட்டுக் கட்டத்துக்குள் எண்ணை எழுதுவார்கள். உற்பத்தியை 1 என்று எண்ணுவார்கள். அன்றன்றே திருத்திவிடுங்கள்.

கைபேசி வரைபடத்தில் வவுனியா ஏறத்தாழ 8.75, 80.5 என்று இருக்கும். அங்கே வடக்கு முந்தி, கிழக்கு பிந்தி. நமது வரிசைக்கு நேரெதிர். பிள்ளைகள் கேட்டால் மட்டும் இதைச் சொல்லுங்கள்.