குருவாயூரில் கல்யாணமா? கிளம்பும் முன் படியுங்கள்

கேரள நண்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'குருவாயூர்' என்று இருந்தால், முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: தாலிகட்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். முகூர்த்த நேரத்துக்குச் சற்று முன்பின் போய்ச் சேரலாம் என்று இருந்தால், அட்சதை போடக்கூட வாய்க்காது. மற்ற ஏற்பாடுகளையெல்லாம் அந்த நிமிடங்களை வைத்தே செய்துகொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து குருவாயூருக்கே ரயில் உண்டு. ஆனால் அது மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று சுற்றி வரும். சென்னை, கோவைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பாலக்காடு வழியாகத் திருச்சூரில் இறங்குவதே நல்லது. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பஸ் நிறைய உண்டு. முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். ஆடியில் அங்கும் கல்யாணம் அரிது; அதனால் ஆவணி பிறந்ததும் கூட்டம் அலைமோதும். 2024 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. ஆவணி மாதத்து அழைப்பு என்றால், பத்திரிகை கைக்கு வந்த அன்றே அறை போட்டுவிடுங்கள்.

என்ன உடுத்துவது?

ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் புடவை. கசவு எனப்படும் ஜரிகைக் கரை போட்டது இருந்தால் இன்னும் பொருத்தம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பேண்டோடு போக முடியாது. கைபேசியையும் கேமராவையும் வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். உள்ளே இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. கல்யாண மண்டபங்கள் கோயிலுக்கு வெளியே கிழக்கு நடையில் இருப்பதால், மற்ற மதத்து நண்பர்களும் தயங்காமல் கல்யாணத்துக்கு வரலாம்.

மண்டபத்தடியில்

ஒரு ஜோடி இறங்க, அடுத்த ஜோடி ஏறும். மேளமும் நாதஸ்வரமும் ஓயாது. உங்களை அழைத்தவர்களுக்கு எந்த மண்டபம், எத்தனை மணி என்பதை முதல் நாள் இரவே கேட்டுக்கொண்டு, அரை மணி நேரம் முன்னதாக நடைக்குப் போய்விடுங்கள். மேடையில் நெருங்கிய உறவினர் சிலருக்குத்தான் இடம். நீங்கள் கீழே, முகம் தெரிகிற பக்கமாக நின்றுகொள்ளுங்கள்.

நாயர் வீட்டுக் கல்யாணம் என்றால் ஹோமத்தைத் தேடாதீர்கள். ஏற்றிவைத்த நிலவிளக்குதான் சாட்சி. பக்கத்தில் மரப்படியில் நெல் நிறைத்து, நடுவில் தென்னம்பாளையைச் செருகியிருப்பார்கள், அதுதான் நிறபறை. தாலி கட்டி, மாலை மாற்றி, மாப்பிள்ளை பெண்ணுக்குப் புடவை கொடுப்பார். பெண்ணின் கையைத் தகப்பனார் பிடித்துக் கொடுப்பார். இவ்வளவுதான். படம் எடுப்பதைக் கல்யாணக்காரர் வைத்திருக்கும் ஆட்களிடம் விட்டுவிட்டு, இந்த நிமிடங்களைக் கண்ணாலேயே பாருங்கள்.

சத்யா

சத்யா எனப்படும் விருந்து பெரும்பாலும் அருகில் உள்ள ஒரு ஹாலில் நடக்கும். முதல் பந்திக்கு முண்டியடிக்க வேண்டாம். எல்லாப் பந்திக்கும் அதே சாப்பாடுதான். உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் இலையின் ஓரத்தில் விழும். பிறகு இஞ்சிக்கறி, பச்சடி, ஓலன், காளன், எரிசேரி, தோரன், அவியல் என்று வரிசையாக வரும். முதலில் பருப்பும் நெய்யும், அதில் பப்படத்தை நொறுக்கிப் பிசைந்துகொள்ளுங்கள். அடுத்தது சாம்பார். அதிலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் பாயசத்துக்கு இடம் இருக்காது. அடைப் பிரதமனை இலையிலேயே ஊற்றச் சொல்லி, வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். திகட்டினால் இஞ்சிக்கறியை ஒரு விரல் தொட்டு நாக்கில் வையுங்கள்; அடுத்த பாயசத்துக்கு நாக்கு தயாராகிவிடும். கடைசியில் மோர். எழுந்திருக்கும்போது, நம் ஊர் வழக்கம்போலவே, இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

மொய்

நோட்டுப் போட்டு மொய் எழுதும் மேஜை பெரும்பாலும் இருக்காது. உறையில் பெயர் எழுதி, மணமக்களிடமோ பெற்றோரிடமோ கொடுங்கள். பத்திரிகையில் அன்பளிப்பு வேண்டாம் என்று போட்டிருந்தால் அதை மதியுங்கள்.

தரிசனம் எப்போது?

கல்யாணம் முடிந்த கையோடு வரிசையில் நின்றால் மணிக்கணக்கில் ஆகலாம், பந்தியும் தவறிவிடும். முதல் நாள் மாலையிலோ, அதிகாலை 3 மணிக்கு நடை திறக்கும்போது நிர்மால்ய தரிசனத்துக்கோ போய்விடுங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில், சுமார் 3 கிலோமீட்டரில் உள்ள புன்னத்தூர்க் கோட்டைக்குப் போய்க் கோயில் யானைகளைப் பார்க்கலாம்.

ஹாலை விட்டுக் கிளம்பும் முன், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளுங்கள். தாலிகட்டின் அவசரத்தில் அவர்கள் உங்களைக் கவனித்திருக்க மாட்டார்கள். எல்லை தாண்டி வந்தவர் வேளையோடு வந்து, வயிறார உண்டார் என்பது அவர்களுக்கு எந்த உறையையும்விடப் பெரிய நிறைவு.