முருங்கைக்கீரையும் மூன்று வயதும்

தெருவில் முதல் பிள்ளையோடு தனியாக இருக்கும் பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அத்தை, இவனை வச்சுக்கிட்டு பொழுதை எப்படி ஓட்டுறது? எந்தப் பொம்மை வாங்கினாலும் ரெண்டு நாள்தான்." 1982இல் சத்துணவுத் திட்டம் வந்த வருஷம் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். 36 வருஷம் பார்த்தேன். ஒரே அறை, வாசலில் ஒரு வேப்பமரம், இரண்டு வயசிலிருந்து ஐந்து வயசு வரை பிள்ளைகள். பொம்மைக்கென்று கையில் காசு இருந்ததே கிடையாது. அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள் கண்ணு.

1. காலையில் கால் மணி நேரத்தை முழுசாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிடு. அடுப்பை அணை, போனைத் தள்ளி வை, தரையில் உட்கார். அவன் சொல்கிற விளையாட்டை அவன் சொல்கிறபடி விளையாடு. மனசு நிறைந்த பிள்ளை தானாக நகர்ந்து போய்விடும். வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போட்டாயானால் பகலெல்லாம் உன் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான்.

2. உன் வேலையில் ஒரு துண்டை அவனுக்குக் கொடு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முருங்கைக்கீரையைத் துணியில் சுற்றி ராத்திரி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும் என்று உன் மாமியார் சொல்லியிருப்பார். வீட்டில் மூன்று வயசுப் பிள்ளை இருக்கும்போது அப்படிச் செய்யாதே. இணுக்கோடு ஒரு கொத்தை அவன் கையில் கொடு. அரை மணி நேரம் உருவுவான். காம்பும் சேர்ந்து விழும், பரவாயில்லை, அப்புறம் பொறுக்கிக்கொள்ளலாம். பச்சைப் பட்டாணி உரிக்கலாம், காய்ந்த துணியில் அப்பாவுடையது எது, தன்னுடையது எது என்று பிரிக்கலாம், சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையை வைத்துக்கொண்டு பாம்பு செய்யலாம். சாப்பிடும்போது, "இது தம்பி ஆய்ஞ்ச கீரை" என்று எல்லார் முன்னாலும் சொல். பால்வாடியில் கீரையைத் தொடாத பிள்ளைகளெல்லாம் தாங்கள் ஆய்ந்த கீரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

3. சித்திரை வெயிலில் மத்தியானம் நகரவே நகராது. ஒரு பேசினில் இரண்டு சொம்பு தண்ணீர், இரண்டு டம்ளர், டீ வடிகட்டி, ஒரு புனல். அடியில் பழைய துண்டு. ஊற்றுவான், அள்ளுவான், திரும்ப ஊற்றுவான். நீ பக்கத்திலேயே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளை மூழ்குவதற்கு அரை வாளித் தண்ணீர்கூட வேண்டாம். விளையாட்டு முடிந்ததும் பேசினைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

4. புளி குத்தும்போது கொட்டையைக் கொட்டிவிடாதே. கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போடு. நாலு வயசுப் பிள்ளைக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடு. பலகை இல்லாவிட்டால் சாக்பீஸால் தரையில் பக்கத்துக்கு ஏழாக 14 வட்டம் போட்டுக்கொள்ளலாம். முட்டை அட்டையில் இரண்டு வரிசையை வெட்டி எடுத்தாலும் ஆரம்பத்துக்குப் போதும். முதலில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகட்டும், அதிலேயே எண்ணிக்கை வந்துவிடும். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அப்புறம் சொல்லலாம்.

மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கொட்டை எதையும் கொடுக்காதே. என் பால்வாடியிலேயே ஒரு பையன் புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்த வழி இன்னும் என் காலில் இருக்கிறது. அன்றையிலிருந்து டப்பா மேல் அலமாரிக்குப் போனது. குன்றிமணி பார்க்க அழகுதான், ஆனால் அந்த விதைக்குள் இருப்பது கொடிய விஷம். வீட்டில் வைக்கவே வேண்டாம்.

5. பழைய பெயின்ட் பிரஷ், ஒரு கிண்ணம் தண்ணீர். மொட்டைமாடிச் சுவரில் எழுதட்டும். எழுதியது காய்ந்து மறைவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி எழுதுவான்.

6. ஐந்து வயசு ஆனபிறகு தீக்குச்சி. மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சைக்கிள் கடையில் வால்வ் ட்யூப் கொஞ்சம் வாங்கி, விரல் அகலத்துக்குச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள். இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்து காட்டிய அரவிந்த் குப்தாவின் வழி இது. அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் அசையாமல் நிற்கும், நாலு குச்சியில் சதுரம் செய்தால் சாயும். ஏன் என்று நீ சொல்லாதே. அவனே அழுத்தி அழுத்திப் பார்க்கட்டும்.

7. இருக்கிற பொம்மையில் பாதியை மூட்டை கட்டிப் பரணில் போடு. பதினைந்து நாள் கழித்து இறக்கினால் புதுசு மாதிரி ஓடி வருவான்.

8. போன் விஷயம். இரண்டு வயசு வரை திரையே வேண்டாம், நாலு வயசு வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. உனக்குக் காய்ச்சல், வீட்டில் யாரும் இல்லை என்றால் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுப் படு, அதற்காக மனசைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே. சோறு ஊட்டும்போது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் காட்டாதே. எதைச் சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

9. "போரடிக்குதும்மா" என்று வந்து நின்றால் உடனே எழுந்து ஓடாதே. "அப்படியா" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். பத்து நிமிஷம் சிணுங்குவான். அந்தப் பத்து நிமிஷத்தைத் தாங்கிக்கொள்வதுதான் உனக்குக் கஷ்டம். அதற்குப் பிறகு அவன் கண்டுபிடிக்கும் விளையாட்டு நீயும் நானும் யோசிக்காததாக இருக்கும்.

10. இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு மேலே ஒரு பழைய சேலையை விரித்துவிடு. அது அவன் வீடு. கூப்பிடாமல் உள்ளே போகாதே. வாசலில் உட்கார்ந்து, "சார், கீரை வேணுமா?" என்று கேட்டுப் பார். என்ன விலை சொல்கிறாய் என்று உள்ளேயிருந்து பேரம் பேசுவான்.