சிறை சென்று வந்ததை வேலை விண்ணப்பத்தில் மறைக்கலாமா?

கேள்வி: என் தம்பி அடிதடி வழக்கில் தண்டனை பெற்று, மூன்று வருஷம் மதுரை மத்திய சிறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். உள்ளே தையல் கற்றுக்கொண்டான். நூற்பாலையிலோ செக்யூரிட்டி வேலையிலோ சேரப் பார்க்கிறான். படிவத்தில் 'குற்ற வழக்கு உண்டா?' என்று கேட்கிறார்கள். 'இல்லை' என்று எழுதிவிடலாமா?
- வாசகி, ஆயக்குடி

பதில்: எழுதவே கூடாது. தண்டனையைச் சொன்னால் வேலை கிடைக்காமல் போகலாம். பொய் எழுதினாலோ, கிடைத்த வேலையும் பின்னொரு நாள் பறிபோகும்.

டெல்லி காவல் துறையில் ஹெட் கான்ஸ்டபிள் பணிக்கு விண்ணப்பித்த சந்தீப் குமார், சமரசத்தில் முடிந்த ஓர் அடிதடி வழக்கை மறைத்திருந்தார். இளவயதுத் தவறை மன்னிக்கலாம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கைகொடுத்தது. பசிக்கு ரொட்டி திருடி, வாழ்நாள் முழுக்கத் திருடன் என்ற பெயரைச் சுமந்த, நாவலாசிரியர் விக்டர் ஹியூகோவின் கதாநாயகனை நீதிபதிகள் அந்தத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார்கள். ஆனால், 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு வரம்பு கட்டியது. சில்லறை வழக்கை மறைத்திருந்தால் மன்னிக்கலாம். பெரிய வழக்கில் பெற்ற தண்டனையை மறைத்தவரை நீக்கலாம். உண்மையைச் சொன்னவரையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதேசமயம், கேட்ட விவரத்தை மட்டும் சொன்னால் போதும். இவை அரசு வேலை பற்றிய தீர்ப்புகள்தான். இருந்தாலும் தனியார் படிவத்திலும் பொய் ஆபத்தே.

செக்யூரிட்டி வேலையை உங்கள் தம்பி மறந்துவிடுவது நல்லது. 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைத்துக்கொள்வதையே தடுக்கிறது. நூற்பாலைக்கு அப்படியொரு தடை இல்லை. ஆயக்குடி கொய்யா மண்டியில் பெட்டி அடுக்க யாரும் படிவம் நீட்டப்போவதுமில்லை.

பழைய தண்டனை வாழ்நாள் முழுக்கத் துரத்தாமலிருக்க பிரிட்டனில் 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட காலம் ஒழுங்காக வாழ்ந்தால் பல தண்டனைகளைச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் சிறார்களுக்கும், நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவர்களுக்கும் மட்டுமே தகுதியிழப்பிலிருந்து பாதுகாப்பு உண்டு. தண்டனையை முழுதாக அனுபவித்து முடித்தவருக்கு அது இல்லாதது அநியாயம். தமிழகச் சிறைத் துறை இந்தியன் ஆயிலுடன் சேர்ந்து புழல், வேலூர், கோவை போன்ற இடங்களில் நடத்தும் பெட்ரோல் பங்க்குகளில் சிறைவாசிகளே பெட்ரோல் போட்டுக் காசு வாங்குகிறார்கள். அரசே நம்பிப் பணத்தைக் கையில் கொடுக்கும்போது, ஒரு முதலாளி நம்புவதில் என்ன தயக்கம்?

தையல் சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கிறதே என்று அதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். கைத்தொழிலுக்கு அதுவே அத்தாட்சி. சிறைத் துறையின் நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, விடுதலையானவர்களுக்கான உதவிச் சங்கம் வழியாகத் தையல் இயந்திரம் கேட்டு மனு கொடுக்கலாம். படிவத்தில் வழக்கு எண், சட்டப் பிரிவு, தண்டனைக் காலம், விடுதலையான தேதி ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, விடுதலைச் சான்றின் நகலை இணைக்கட்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். தீர்ப்பு நகலோடு பழனி நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.