காற்றுத்துவாரத்தை அடைக்கலாமா?

நக்கிள்ஸ் மலையடியில் இருப்பதால் பன்விலவில் குளிர் அதிகம். எங்கள் பக்கத்தில் வீடு திருத்துபவர்கள் யன்னலுக்கு மேலுள்ள காற்றுத்துவாரங்களைப் பூசி அடைப்பதை அடிக்கடி காண்கிறேன். குளிரும் நுளம்பும் குறைவது உண்மைதான். ஆனால் குசினியில் விறகடுப்பு எரிகிறதே, அந்தப் புகை எங்கே போகும்?

விறகு அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலையிடி வந்தால் உம்மாமார் பனியைத்தான் குறை சொல்கிறார்கள்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவிலும் எரிபொருளை மிச்சம்பிடிக்க அலுவலகங்களை இறுக மூடினார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தலையிடி, கண்ணெரிச்சல். ஆளொருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றிருந்த நியமத்தை 1989இல் 15 ஆக உயர்த்தினார்கள்.

நமக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. சூடான காற்று மேலே எழும். ஆகவே அடுப்புக்கு மேலே புகைபோக்கியும் எதிர்ச்சுவரில் தாழ்வாக ஒரு துவாரமும் இருந்தால் புகை தானாக வெளியேறும். நுளம்புக்குத் துவாரத்தில் வலை அடிக்கலாம். குளிருக்குப் படுக்கையறைக் கதவிடுக்கை அடைக்கலாம். அங்கும் மேல்துவாரம் திறந்தே இருக்கட்டும். இதையெல்லாம் மேசன் பாஸ் சாந்து குழைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பூசிய சுவரை உடைக்க எந்த வாப்பாவுக்கும் மனம் வராது.